முன்வரிசையில் செருப்பைக் கழற்றியவள்

“அம்மா, எழும்புங்கோ. இது விருந்தினர்மாருக்கு ஒதுக்கின கதிரை.”

நான் எழும்பவில்லை.

சொன்னவர் வேட்டி சால்வையில் நின்றார். நெஞ்சில் மஞ்சள் நாடாவில் செய்த பூவொன்று; அதன் நடுவில் ‘வரவேற்புக் குழு’ என்று எழுதியிருந்தது. அவருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. நெற்றி முழுக்க வியர்வை. காலையிலிருந்து எத்தனை பேரோடு மாரடித்தாரோ தெரியாது. அதற்காக நான் எழும்ப முடியுமா?

“என்ன தம்பி சொல்லுறியள்? எனக்குக் காது கேளாது,” என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய உதட்டைப் பார்த்தே கதை விளங்கிக்கொள்கிறவள் நான். அவர் குனிந்து என் இடது காதுக்குள் கத்தினார். அந்தக் காது எப்போதோ செத்துப்போனது. மூச்சுக்காற்று மட்டும் சூடாகப் பட்டது.

பிறகு அழைப்பிதழின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்: ‘விருந்தினர் இருக்கை.’

“கண்ணாடி கொண்டுவரேல்லை தம்பி.”

கண்ணாடி என் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த என் சிநேகிதி பிலோமினா கைலேஞ்சியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இவ்வளவு அடம் ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

இருக்கிறதும் போயிடும்

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடையைப் பற்றி இதே பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘காது கேளாத பெண், எவ்வளவு பாவம்’ என்று கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, உங்கள் அன்புக்கு நன்றி. பாவத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு அது அளவில்லை.

நான் எழும்பாத அந்த விழா நடந்தது அண்மையில்தான். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்து முடிந்த நேரம். அதற்குச் சில நாட்கள் முன்னர், நான் கூட இருக்கும் அண்ணை என்னைக் காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டொக்டர் காதைச் சோதித்து, ஒரு கோட்டுப் படத்தைக் காட்டிச் சொன்னார்: “வலது காதிலை மிச்சம் இருக்கிறது கொஞ்சந்தான். ரெண்டு வருசமோ மூண்டு வருசமோ, சொல்ல ஏலாது. பெரிய சத்தத்துக்குக் கிட்டப் போகாதேங்கோ.”

அவ்வளவுதான். அண்ணைக்கு அந்தக் கடைசி வசனம் தேவாரம் ஆகிவிட்டது. நான் குசினிக்குள் நின்றால் அவர் மனைவி, என் மச்சாள், மிக்ஸி போடக்கூடாது. கோயிலில் பூசை மணி அடிக்கும்போது நான் வெளிவீதியில் நிற்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் வெடி கொளுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலிக்கு மேலால் எட்டிச் சண்டைக்குப் போனார். நான் நாற்பது வருடம் மெஷின் மிதித்து என் சோற்றைத் தின்றவள். அந்த வீட்டில் என்னைப் பஞ்சில் பொதிந்த முட்டையாக ஆக்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சந்தை மதிலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யாழ்ப்பாண நகரத்தில், முற்றவெளியில் மூன்று நாள் இசைவிழா. வெள்ளி, சனி, ஞாயிறு. சனிக்கிழமை பின்னேரம் தவில் சமா.

அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டே நின்றேன். வாங்கிய கத்தரிக்காயை மரக்கறிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

“அண்ணை, நான் இசைவிழாவுக்குப் போறன். வெள்ளி போய் ஞாயிறு வருவன். குருநகரிலை பிலோமினா வீட்டிலை தங்குவன்.”

“உனக்கென்ன விசரோ? காது கேளாத ஆளுக்குக் கச்சேரி என்னத்துக்கு?”

சொன்ன கையோடு அவர் முகம் சுருங்கிப்போனது. அண்ணை கொடுமைக்காரர் இல்லை. பயக்காரர்.

“அந்தத் தவிலுக்கு முன்னாலை போய் இருந்தா இருக்கிறதும் போயிடும் பிள்ளை,” என்றார், மெதுவாக, நான் உதட்டைப் பார்க்கும்படி.

“இருக்கிறதை வைச்சு என்ன செய்யச் சொல்லுறியள்? அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டட்டோ?”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்னும் இரண்டு வருடம்தான் கேட்கும் என்றால், அதற்குள் நான் எதைக் கேட்பது? எதைக் கேட்பது என்பதை யார் முடிவு செய்வது?

வெள்ளி மதியம் பையைத் தூக்கிக்கொண்டு சந்தியில் பஸ் ஏறினேன். மச்சாள் ஓடிவந்து பிலோமினாவுக்கென்று ஒரு கட்டு முருங்கைக்காயைக் கையில் திணித்தாள். அண்ணை தோட்டத்தில் நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை.

இடது காது கடைசியாகக் கேட்டது

சமா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரண்டு மூன்று தவில்காரர்களை எதிரும் புதிருமாக இருத்திவிடுவார்கள். ஒருவர் ஒரு அடியை வாசிப்பார். மற்றவர் அதையே வாங்கி, இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். இவர் அதை அவிழ்த்து வேறொன்று போடுவார். சனம் மூச்சு விடாது.

எனக்குப் பதினெட்டு வயது வரும்வரை ஒரு சமாவையும் நான் தவறவிட்டதில்லை. பெண்கள் பக்கத்தில் நின்று தாவணிக்குள் கையை மறைத்துத் தாளம் எண்ணுவேன். அண்ணை ஆண்கள் பக்கத்தில் நின்று எண்ணுவார். வீட்டுக்கு வரும் வழியில், எந்த இடத்தில் யார் வென்றது என்று இரண்டு பேரும் அடிபடுவோம். பெரும்பாலும் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். அண்ணை இன்றைக்கும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

பிறகு போர் வந்து ஊரைவிட்டு எழும்பினோம். தென்மராட்சியில் ஒருவருடைய வளவில், தென்னைகளுக்கு நடுவில் இருந்தோம். ஒரு காலை நேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். “படு! படு!” என்று அண்ணை கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைத் தள்ளி விழுத்தினார். என் இடது காது கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான். ஷெல் விழுந்தது எனக்குக் கேட்கவே இல்லை. வலது காதும் அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது.

அண்ணை தள்ளியிராவிட்டால் காது அல்ல, தலையே மிஞ்சியிராது. இதை நூறு தரம் சொல்லிவிட்டேன். அவர் மனதில் ஓடுவது வேறு. மற்றப் பக்கமாகத் தள்ளியிருந்தால் காது தப்பியிருக்குமே என்று இன்றுவரை யோசிக்கிறார். அவர் என் வலது காதுக்குக் காவல் நிற்பது அதனால்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தபடியால்தான் இத்தனை வருடம் பொறுத்தேன்.

தகரப் பேணியும் பலகையும்

பிலோமினா என்னிடம் இருபது வருடமாகச் சட்டை தைப்பிக்கிறவள். குருநகரில் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். காற்றுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரல். அவள் கதைத்தால் எனக்குக் காது மெஷின் தேவையில்லை. எங்கள் சிநேகிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நீ மச்சம் மாமிசம் தின்னமாட்டாய். தபசு காலம், நாங்கள் இறைச்சி தின்னமாட்டம்,” என்றாள் வாசலிலேயே. “நண்டு கிடக்குது. உன்னாலை அதுவும் இல்லை. வா, பருப்புத் தின்னுவம்.” மச்சாளின் முருங்கைக்காயும் அதோடு சேர்ந்தது.

பின்னேரம் முற்றவெளிக்கு நடந்தோம். காலம் தப்பிப் பெய்த மழையில் புல்லெல்லாம் சேறு. பின் வரிசையில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை பிடித்து இருந்தோம். மேடையில் ஒரு பெண் பாடினார். நான் காது மெஷினைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். என்ன செய்தாலும் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்தான் வந்தது. அதற்கிடையில் மெஷின் தன்பாட்டில் விசில் அடித்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எல்லாம் அடங்கிவிட்டது. மேடையில் அந்தப் பெண் வாயைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு அழுகை வந்தது. இதற்குத்தானா அண்ணையோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்?

“வீட்டை போவமோ?” என்றாள் பிலோமினா.

“கிட்டப் போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

கச்சேரி முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்குப் போனேன். பெரிய மனிதர்களின் சப்பாத்தில் சேறு படக்கூடாது என்று அந்த ஒரு வரிசைக்கு மட்டும் பலகை அடித்து, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அந்தப் பலகை மேடையின் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது. நான் அதில் காலை வைத்தேன். மேடையில் ஒருவர் மிருதங்கத்தைக் கட்டி வைக்கமுதல் சும்மா இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளங்காலில் விழுந்தது.

அப்படியே நின்றேன். அவர் மறுபடி தட்டினார். மறுபடி விழுந்தது, தெளிவாக, தகரமும் இல்லாமல் விசிலும் இல்லாமல்.

எனக்கு இது புதிது இல்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். என் கடையில் மெஷினின் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. ஊசி முனை மழுங்கினாலும், பட்டி வழுக்கி ஒரு தையல் தப்பினாலும் மிதிக்கிற காலுக்குத் தெரிந்துவிடும். துணியைத் தூக்கிப் பார்க்க முதலே நிறுத்திவிடுவேன். இத்தனை வருடம் அது தையலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேனே, மடைச்சி!

திரும்பி ஓடிப்போய் பிலோமினாவின் கையைப் பிடித்தேன். “நாளைக்கு முன்வரிசை,” என்றேன்.

“அது மந்திரிமாருக்கடி.”

“மந்திரிக்குக் காது இருக்குத்தானே. அவர் பின்னாலை இருக்கட்டும்.”

மறைக்குது, இருங்கோ!

இப்போது விளங்குகிறதா நான் ஏன் எழும்பவில்லை என்று?

மஞ்சள் பூக்காரர் போய், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். அவர் சிரித்த முகமாக என் தோளைத் தொட்டு, பின் வரிசையைக் காட்டினார். நானும் சிரித்தேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்ல ஏற்பாடு, நல்ல ஏற்பாடு,” என்றேன். கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பாதி மைதானம் திரும்பிப் பார்த்ததாகப் பிலோமினா பிறகு சொன்னாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

விருந்தினர்கள் வந்தார்கள். எட்டுக் கதிரைக்கு மூன்று பேர்! அவர்களுக்கு மாலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. ஒரு மணித்தியாலம் போனது. எனக்கு மட்டும் அதில் ஒரு கரைச்சலும் இல்லை. காது மெஷினைக் கழற்றி, பொத்தான் போடுகிற சின்னப் பேணிக்குள் வைத்து மூடிவிட்டேன். உரைகள் முடிந்ததும் மூன்று பேரும் எழும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தவில்காரர்கள் அப்போதுதான் மேடைக்கு ஏறினார்கள்.

ஆக, முன்வரிசையில் நானும் பிலோமினாவும் மட்டும். நான் செருப்பைக் கழற்றினேன். காலால் கம்பளத்தின் கரையை ஒதுக்கி, வெறும் பலகையில் இரண்டு உள்ளங்காலையும் பதித்தேன்.

முதல் அடி விழுந்தது.

என்னால் இதைச் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை. தவிலின் இடது பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். அது குதிக்காலில் வந்தது. வலது பக்கத்தை விரலில் கூடு போட்டு வாசிப்பார்கள். அது விரல் நுனியில் மெல்லிசாக ஓடியது. முதலாமவர் கொடுத்ததை இரண்டாமவர் வாங்கினார். என் கால் அதை வாங்கியது. நான் எண்ணினேன். முப்பது வருடத்துக்கு மேல் எண்ணாத எண்ணிக்கை, ஒன்றும் மறக்கவில்லை. அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

அப்போது யாரோ தோளை உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தேன். அண்ணை.

மருதனார்மடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். தோட்டத்துச் சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. “எழும்பு பிள்ளை. வீட்டை போவம். காது போயிடும்,” என்று அவர் உதடு சொன்னது. அவருக்குப் பின்னால் மஞ்சள் பூக்காரர் வந்து நின்றார். “ஐயா, உங்கடை ஆளோ? ஒருக்கால் சொல்லுங்கோ,” என்று இவர் உதடு சொன்னது.

“எனக்குக் கேக்கேல்லை,” என்றேன் இரண்டு பேருக்கும்.

“பிள்ளை, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறன்.”

“அண்ணை, காது பேணிக்குள்ளை கிடக்குது. நான் காலாலை கேக்கிறன். செருப்பைக் கழட்டிப்போட்டு இருங்கோ.”

அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தேன். நான் மூச்சுவிடுகிற வரைக்கும் எழும்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நல்லகாலம், பின்னால் இருந்த சனம் பொறுமை இழந்துவிட்டது. “மறைக்குது ஐயா, இருங்கோ! வேட்டிக்காரர், நீங்களும் இருங்கோ!” என்று கத்தினார்களாம். இதுவும் பிலோமினா சொன்னதுதான். அண்ணை வெலவெலத்துப்போய், கிடைத்த கதிரையில் இருந்துவிட்டார். பூக்காரர் குனிந்தபடியே ஓடிப்போனார்.

அண்ணை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

கழி பிந்திய இடம்

சமா முடிந்ததும் இரண்டாவது தவில்காரர் இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும். விரலில் கூடு இன்னும் கழற்றவில்லை.

“அக்கா, எல்லாரும் தாளம் போட்டினம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தியள். பிடிக்கேல்லையோ?”

“நல்லாத்தான் வாசிச்சியள் தம்பி. கடைசியா முடிக்கிற தீர்மான அடி மூண்டுதரம் வந்ததெல்லே, அதிலை ரெண்டாந்தரம் வரேக்கை உங்கடை கழி ஒருக்காப் பிந்தினது. மூண்டாந்தரம் பிடிச்சிட்டியள்.”

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். சுற்றி நின்ற எல்லோரும் திரும்பினார்கள், பூக்காரர் உட்பட. தவில்காரர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“ஓமக்கா. கை வியர்த்துக் கழி வழுக்கினது. ஒருத்தருக்கும் பிடிபடேல்லை எண்டு நினைச்சன். நீங்கள் என்னண்டு கேட்டனீங்கள்?”

“கேக்கேல்லை. கால் சொன்னது.”

அண்ணை அருகில் நின்றார். அவரும் அந்த இடத்தைக் கவனிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நல்ல காதை வைத்துக்கொண்டு!

“இப்பவாவது வாவன்,” என்றார்.

“நாளைக்கும் கச்சேரி இருக்கு அண்ணை. ஞாயிறு பின்னேரம் முடிய வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.”

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஞாயிறும் நான் அதே கதிரையில் இருந்தேன். பூக்காரர் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக் கதிரைகளை எண்ணத் தொடங்கினார்.

கோடு இறங்கிய நாள்

இதை இத்தோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நடந்ததை எழுதவேண்டும்.

விழா முடிந்து கொஞ்ச நாளில் டொக்டரிடம் போனோம். கோட்டுப் படத்தில் கோடு இன்னும் இறங்கியிருந்தது. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

“சமாச் சத்தத்தாலையோ டொக்டர்?” என்று அண்ணை கேட்டார். குரல் எப்படி இருந்ததோ தெரியாது. உதடு நடுங்கியது.

“அப்பிடியெண்டும் சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது. எப்பிடியும் இது குறையிற காதுதான்.”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கிணற்றடியில் என்னைத் தள்ளி விழுத்திய மனிதர் மறுபடி அங்கேயே போய் நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் மேல் இல்லை, அந்தக் கோட்டின் மேல். இவ்வளவு காலம் எங்கள் இரண்டு பேரையும் இது ஆட்டிவைத்தது போதும்.

நான் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் முன்னுக்கு நீட்டினேன்.

“டொக்டர், காதை விடுங்கோ. இந்தக் கால் ரெண்டும் நல்லாயிருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

டொக்டர் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். தன் காதைத் தொட்டுக் காட்டி, “காது அம்மா, காது,” என்று வாயை அகலத் திறந்து சொன்னார். பிறகு உதவிக்கு அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் சிரித்தது.

“அவ விளங்கித்தான் கேக்கிறா டொக்டர்,” என்றார். “காலைப் பாருங்கோ.”